18க்கு 36: ஒரு பெவல் கியர் ஜோடியை விஎம்சியில் வெட்டிய கதை

திருப்பூரை அடுத்த ஒரு துணிப் பதனிடும் ஆலையிலிருந்து அந்த கியர்கள் சாக்குப் பையில் வந்தன. பழைய வெளிநாட்டு ஸ்டென்டர் மெஷினின் கியர்கள். ஈரத் துணியின் இரு கரைகளையும் சங்கிலியில் மாட்டி, இழுத்து அகலப்படுத்திக் காய வைக்கும் மெஷின் அது. குறுக்கே ஓடும் ஒரே ஷாஃப்ட், இரு பக்கமும் உள்ள பெவல் கியர் (கோணத்தில் சந்திக்கும் ஷாஃப்ட்டுகளை இணைக்கும் கூம்பு வடிவ கியர்) பெட்டிகள் வழியாக இரண்டு சங்கிலிகளையும் ஓட்டும். வலது பக்கப் பெட்டியில் பினியன், அதாவது ஜோடியின் சின்ன கியர், பல் உடைந்துவிட்டது. மெஷினைச் செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. ஸ்பேர் கிடைக்காது.

"பெரிய கியர் நல்லாத்தானுங்க இருக்குது. சின்னதை மட்டும் வெட்டிக் குடுத்துருங்க" என்றார் ஆலையின் பராமரிப்புப் பொறுப்பாளர்.

எங்களுடையது கோவை கணபதி பக்கம் உள்ள சின்னப் பட்டறை. மூன்று விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்), அதில் ஒன்றில் நாலாவது அச்சாக ரோட்டரி டேபிள். நேர்பல் பெவல் கியர் வெட்டுவதற்கென்றே உள்ள ஜெனரேட்டர் மெஷின் எங்களிடம் கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டோம். மாதிரி கையில் இருக்கிறது, அளந்து வெட்டினால் முடிந்தது என்ற துணிச்சல்தான்.

அளந்தபோதுதான் கதை மாறியது.

பினியனில் 18 பல், கியரில் 36. ஷாஃப்ட்டுகள் 90 டிகிரியில் சந்திக்கின்றன. பினியனின் பிட்ச் கூம்புக் கோணம் 26 டிகிரி 34 நிமிடம், கியருக்கு 63 டிகிரி 26 நிமிடம். இதற்கு ஒரு கால்குலேட்டர் போதும். மாடுல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) என்ன என்பதற்குத்தான் வெளிவிட்டத்தைப் பிடிக்க வேண்டும். பினியனின் வெளிவிட்டம் 98.9 மில்லி. கணக்குப் போட்டால் மாடுல் 5 அச்சாக வந்தது. அதே கணக்கில் பெரிய கியர் 184.5 இருக்க வேண்டும். இருந்ததோ 182.9.

"ஓடி ஓடித் தேஞ்சிருக்கும்" என்றான் மெஷின் பையன். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. எங்களோடு இருக்கும் மூத்த ஃபிட்டர்தான் சிரித்தார். "பல்லோட பக்கம் தேயும் தம்பி, தலை எப்படித் தேயும்? தலை எதுலயும் படறதே இல்லையே." உண்மைதான். ஒரு கியர் பல்லின் உச்சிக்கும் மறு கியரின் பள்ளத்துக்கும் நடுவில் எப்போதும் இடைவெளி உண்டு. ஒன்றரை மில்லி விட்டம் அங்கே காணாமல் போக வழியே இல்லை.

கியர் டூத் வெர்னியரை எடுத்துப் பல்லின் தடிமனைப் பார்த்தோம். மாடுல் 5 என்றால் பிட்ச் வட்டத்தில் (இரண்டு கியரும் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதாகப் பாவிக்கும் வட்டம்) 7.85 வர வேண்டும். பெரிய கியரில் 6.5 சொச்சம்தான் இருந்தது. தேய்மானம் என்றால் பல்லின் ஒரு பக்கம்தான் அதிகம் குறைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பளபளவென்று இருந்தன.

அப்புறம்தான் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது: "இந்தப் பினியன் மெஷினோட வந்ததுதானுங்களா?"

இல்லை. மெஷினோடு வந்தது முந்தின வருடமே உடைந்து, வேறொரு பட்டறையில் யுனிவர்சல் மில்லிங் மெஷினில், பல் இடைவெளியின் வடிவமே கொண்ட ஃபார்ம் கட்டர் போட்டு வெட்டி வாங்கியதுதான் எங்கள் கையில் இருந்தது. சில மாதங்களில் அதுவும் உடைந்துவிட்டது. முதல் பினியன் எங்கே? "ஸ்க்ராப்ல கெடக்குமுங்க, பாக்கறேன்" என்று போனவர் இரண்டு நாளில் கொண்டுவந்தார். மூன்று பல் போயிருந்தாலும் மீதி முழுசாக இருந்தது. வெளிவிட்டம் 102.0. பின்முகத்தில் மங்கலாக எம்டி 110 என்று பொறித்திருந்தது.

முடிச்சு அவிழ்ந்த இடம் இதுதான். 102.0 என்றால் பினியன் பல்லின் தலை உயரம் (பிட்ச் வட்டத்திலிருந்து உச்சி வரை) 6.71 மில்லி. 182.9 என்றால் கியர் பல்லின் தலை உயரம் 3.24 மில்லி. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 10, அதாவது மாடுலைப் போல இரண்டு மடங்கு. இது நெடுந்தலை-குறுந்தலை முறை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள கிளீசன் நிறுவனம் நேர்பல் பெவலுக்கு வகுத்த கணக்கு. அதன்படி கியரின் தலை உயரம், மாடுலை 0.540 ஆலும், அதோடு 0.460ஐப் பல் விகிதத்தின் இருமடியால் வகுத்து வரும் எண்ணாலும் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும். விகிதம் 2 என்றால் 0.540 உடன் 0.115 சேர்ந்து 0.655 மாடுல். ஐந்தால் பெருக்கினால் 3.275. கையில் இருந்த கியர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

எதற்கு இந்த ஏற்றத்தாழ்வு? சின்ன கியரின் பல்தான் பலவீனமானது, அடிக்கடி வேலை செய்வதும் அதுதான். பெரியதிடமிருந்து கொஞ்சம் தடிமனை வாங்கிச் சின்னதுக்குக் கொடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலத்துக்கு வரும். இந்த ஜோடியில் பினியன் பல் 9.1 மில்லி, கியர் பல் 6.6 மில்லி. ஒன்றுக்கு ஒன்று ஓடும் மைட்டர் ஜோடியில் அதே கணக்கு 0.540 உடன் 0.460, ஆக சரியாக 1 என்று முடியும். இரண்டும் சமம். நம்மூர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் மைட்டர்தான் வெட்டுகிறோம். அதனால் இந்த விஷயம் கண்ணில் படாமலேயே பல வருடம் ஓட்டிவிடலாம். நானும் அப்படி ஓட்டியவன்தான்.

முந்தைய பினியன் ஏன் உடைந்தது என்பது இப்போது தெளிவு. அதை வெட்டியவர் சமத்தலைக் கணக்கில் வெட்டிவிட்டார். பல் 9.1 இருக்க வேண்டிய இடத்தில் 7.85. அந்த ஒன்றேகால் மில்லியும் அப்படியே பேக்லாஷாக, அதாவது பற்களுக்கு நடுவே உள்ள தளர்ச்சியாகப் போய்விட்டது. மாடுல் 5 ஜோடிக்கு 0.15 மில்லியை ஒட்டிய பேக்லாஷ் போதும். இங்கே அதைப்போல எட்டு மடங்குக்கும் மேல். மெஷின் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் பல்லுக்குச் சுத்தியலடி. வலது சங்கிலி இடதுக்குப் பின்தங்கிக் கிளம்பியிருக்கும், துணியின் குறுக்கிழை சாய்ந்திருக்கும். கேட்டதற்கு, "ஆமாங்க, அந்தக் கம்ப்ளெயிண்டும் இருந்துது" என்றார்.

போதாததற்கு ஃபார்ம் கட்டரின் குறை வேறு. நேர்பல் பெவலில் பல் வெளிப்பக்கம் பெரிதாகவும் உள்ளே போகப் போகச் சின்னதாகவும் குறுகி, எல்லாக் கோடுகளும் கூம்பின் முனையை நோக்கி ஓடும். எங்கள் ஜோடியில் பல்லின் நீளம் 30 மில்லி. வெளிப்பக்கம் மாடுல் 5 என்றால் உள்பக்கம் 3.5தான். ஒரே வடிவமுள்ள கட்டரால் இரண்டுக்கும் பொருந்த வெட்டவே முடியாது. நடுவில் ஒரு வெட்டு, டேபிளை நகர்த்திப் பிளாங்க்கை (பல் வெட்டப்போகும் துண்டை) கொஞ்சம் திருப்பி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மீதியை அரத்தால் ராவிச் சரிக்கட்டுவதுதான் வழக்கம். கைதேர்ந்தவர் செய்தால் ஓடும், மெதுவான வேலைக்குப் போதும். அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனசில்லை. என் முதல் பெவல் கியரும் அப்படி வெட்டியதுதான்.

ஜி01 போதும்

சின்னது மட்டும் போதாது, ஜோடியாகவே வெட்டலாம் என்று ஆலையைச் சம்மதிக்க வைத்தோம். பழைய கியர் ஜெனரேட்டரில் பிறந்தது. அதன் பல் வடிவம் ஆக்டாய்டு என்ற ஒரு வகை வளைவு. நாங்கள் வரையப்போவது ட்ரெட்கோல்ட் முறைப்படி, பின்கூம்பில் விரித்த இன்வொல்யூட், அதாவது கியர் பல்லின் வழக்கமான வளைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ட்ரெட்கோல்ட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சொன்ன குறுக்குவழி அது. பல் எண்ணிக்கையைக் கூம்புக் கோணத்தின் கொசைனால் வகுத்து, அத்தனை பல் உள்ள ஒரு சாதாரண ஸ்பர் கியராகப் பாவித்துக்கொள்வது. பினியன் 18 பல் என்றாலும் 20.1 பல் ஸ்பர் போல நடந்துகொள்ளும், கியர் 80.5 பல் போல. வித்தியாசம் சில மைக்ரான்தான். இருந்தாலும் இரண்டையும் ஒரே கணக்கில் வெட்டிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

கம்ப்யூட்டரில் கேட் மாடல் போட்டு, கட்டர் பாதை எடுக்கும் கேம் மென்பொருளில் ஏற்றி, ஃபினிஷிங் பாதை எடுத்தபோது ஒரு பக்கப் பல்லுக்கே ஆயிரக்கணக்கான வரிகள். எங்கள் கன்ட்ரோலரின் நினைவகம் பழசு. அதைத் துளித்துளியாக ஊட்டி ஓட்டினால் மெஷின் விக்கி விக்கிப் போகும், பல்லின் முகத்தில் அந்தத் திக்கல் தழும்பாக நிற்கும்.

அப்போது உறைத்தது ஒரு வடிவியல் உண்மை. நேர்பல் பெவலின் பக்கம் என்பது கூம்பு முனையிலிருந்து கிளம்பும் நேர்கோடுகளால் ஆன பரப்பு. அத்தகைய பரப்பில், ஒரே கோட்டின் மேல் எந்தப் புள்ளியில் நின்றாலும் செங்குத்துத் திசை மாறாது. அப்படியானால் பால்நோஸ் (நுனி உருண்டையான) கட்டரின் உருண்டை மையம் அந்தக் கோட்டுக்கு இணையாக, மாறாத இடைவெளியில், நேராகப் போனால் போதும். ஒரு கோட்டுக்குத் தொடக்கப் புள்ளி ஒன்று, முடிவுப் புள்ளி ஒன்று, நடுவே ஒரே ஒரு ஜி01, அதாவது நேர்கோட்டில் போகச் சொல்லும் மெஷின் கட்டளை. ஆயிரம் வரிகள் மேக்ரோவில் எண்பது கோடுகளாகச் சுருங்கின. ரோட்டரி ஒவ்வொரு பல்லுக்கும் 20 டிகிரி திரும்பி நிற்கும், கியருக்கு 10 டிகிரி. தசமத் தொல்லை இல்லாத பல் எண்ணிக்கை அமைந்தது அதிர்ஷ்டம். 17 பல் என்றிருந்தால் 21.176 என்று கூட்டிக்கொண்டே போகாமல் ஒவ்வொரு பல்லுக்கும் முழுக் கோணத்தையே கொடுக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் கடைசிப் பல்லில் பிழை வந்து குவியும்.

கட்டர் அளவை முடிவு செய்வது பள்ளத்தின் குறுகலான இடம். கியரின் உள்பக்க அடியில் இடைவெளி சுமார் 3 மில்லி. அதனால் 2 மில்லி பால்நோஸ், கோனிக்கல் தண்டு உள்ளது. 12,000 சுற்று, நிமிடத்துக்கு 1200 மில்லி ஃபீட். வெளிப்பக்கத்தில் கோட்டுக்குக் கோடு 0.15 மில்லி இடைவெளி. உள்ளே போகப் போக கோடுகள் தாமாகவே நெருங்கி 0.105 ஆகிவிடும். நடுவில் நிற்கும் மேடு 2.8 மைக்ரான், உள்பக்கத்தில் அதிலும் பாதி. ரஃபிங்குக்கு முதலில் 4 மில்லி எண்ட்மில், அடியில் இரண்டரை. அதில் சொல்ல விசேஷம் ஒன்றுமில்லை.

2 மில்லி கட்டரை நீளமாக வெளியே நீட்டினால் நடுங்கும். பிளாங்க்கின் அச்சைப் படுக்கையாக வைத்தால் பள்ளம் சரிவாக நிற்கும், கட்டரை 20 மில்லிக்கு மேல் நீட்ட வேண்டும். அதனால் பள்ளத்தின் அடி படுக்கை மட்டத்தில் நிற்கும்படி ரோட்டரியையே சாய்த்தோம். பினியனுக்கு அடிக்கூம்புக் கோணம் 24 டிகிரி 10 நிமிடம். ஆப்பு போல ஒரு தட்டு செய்து கிரைண்ட் பண்ணி, 200 மில்லி சைன் பாரில் (கோணம் பார்க்கும் சட்டம்) 81.88 மில்லி உயரத்துக்கு ஸ்லிப், அதாவது அளவுக் கட்டைகள், கட்டி அதன் கோணத்தைச் சரிபார்த்தோம். கியருக்கு 59 டிகிரி 5 நிமிடம். அவ்வளவு செங்குத்தான கோணத்தில் சைன் பாரை நம்பக் கூடாது. ரோட்டரியைப் படுக்க வைத்து, மீதி 30 டிகிரி 55 நிமிடத்துக்கு இன்னொரு ஆப்பு. அதற்கு ஸ்லிப் 102.76.

முதல் பினியன்

முதல் பினியனை வெட்டிப் பார்க்கவென்று இஎன் 8 எஃகுத் துண்டில் வெட்டினோம், கூடவே ஒரு கியரும். கிரைண்ட் செய்த ஒரு சட்டத்தில் இரண்டு ஸ்பின்டில்களை 90 டிகிரியில் நிறுத்தி, பல் படும் இடத்தைக் காட்டும் மார்க்கிங் புளூ தடவி உருட்டினோம். பார்வைக்கு அழகான கியர்கள். ஆனால் நீலம் ஏறிய இடம் வயிற்றைக் கலக்கியது. பல்லின் ஒரு பக்கத்தில் வெளிமுனையில் மட்டும் படுகிறது. அதே பல்லின் மறுபக்கத்தில் உள்முனையில் மட்டும்.

பினியனை முன்னே தள்ளினோம், ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எடுத்துப் பின்னே தள்ளினோம். நீலம் மேலும் கீழும் நகர்ந்ததே தவிர, குறுக்குமறுக்கு மாறவில்லை. மாறாது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டோம். கூம்பு முனை அச்சின் மேலேயே முன்பின் நகர்ந்திருந்தால் ஷிம் சரிசெய்துவிடும். முனை அச்சை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால்? கட்டர் எல்லாக் கோடுகளையும் அதே அளவு தள்ளி வெட்டியிருக்கும். வெளிப்பக்கத்தில் ஆரம் பெரிது, உள்பக்கத்தில் சின்னது. அதனால் ஒரே அளவு தள்ளல் இரண்டு முனைகளிலும் வேறுவேறு கோணமாக விழுந்து பல் லேசாகத் திருகிப்போகும். ஒரு பக்கத்துக்கு வெளிமுனை முட்டும், மறுபக்கத்துக்கு உள்முனை. நாங்கள் பார்த்தது அதுதான்.

எங்கே தள்ளியது? ரோட்டரியின் மையத்தை நாங்கள் டயல் போட்டுப் பிடித்தது ஆப்பின் மேல் ஏற்றுவதற்கு முன். ஏற்றிய பிறகு முனையின் இடத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு ஜீரோ வைத்துவிட்டோம். ஆப்பு டேபிளின் அச்சோடு அச்சாக உட்கார்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தச் செட்டிங் என்னுடையது.

கூம்பு முனை பிளாங்க்குக்கு வெளியே, காற்றில் இருக்கிறது. அதைத் தொட முடியாது. தொட முடியாததைத் தொடுவதற்கு மூத்த ஃபிட்டர் ஒரு வழி சொன்னார். கியரை மாட்டும் அதே மேன்ட்ரல் போல ஒன்று கடைந்து, அதன் நுனியில் ஒரு பேரிங் உருண்டையை ஒட்டச் சொன்னார். உட்காரும் முகத்திலிருந்து உருண்டை மையம் வரை சரியாக 110 மில்லி. பழைய பினியனின் முதுகில் பொறித்திருந்த அதே எம்டி 110தான், மவுண்டிங் தூரம். இதை ரோட்டரியில் மாட்டினால் கூம்பு முனை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உருண்டை நிற்கும். முதலில் ரோட்டரியைச் சுற்றி உருண்டை ஆடாமல் ஓடுகிறதா என்று டயலில் பார்த்துக்கொண்டு, பிறகு அதன் மையத்தை எடுத்து எக்ஸ், ஒய், இசட் ஜீரோவாக வைத்தோம்.

ஒய் திசையில் 0.08 மில்லி விலகியிருந்தது. முடி தடிமன்தான். ஆனால் அது 30 மில்லி நீளப் பல்லில் கிட்டத்தட்ட 0.03 மில்லி திருகலாக விழும். நேர்பல் பெவலுக்கு அது போதும், தொடுகை ஒரு ஓரத்துக்கு ஓடிவிடும்.

இரண்டாவது மாற்றமும் அப்போதே செய்தோம். பழைய கியர் பெட்டியின் பேரிங் வீடுகள் இன்னும் துல்லியமாகத்தான் இருக்கின்றன என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சுத்தமான நேர்கோட்டுப் பல் சிறிது கோணம் மாறினாலும் ஓரத்தில் சுமையை ஏற்றிவிடும். கிளீசனின் கோனிஃப்ளெக்ஸ் முறையில் இதற்காகவே பல்லின் நடுவை லேசாகப் புடைக்க வைப்பார்கள். நாங்களும் பினியன் பல்லின் இரு முனைகளிலும் 0.02 மில்லி இறக்கினோம். இதற்கு என் அருமையான ஒற்றை ஜி01ஐத் தியாகம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோடும் ஏழரை மில்லி நீளத் துண்டுகளாக நான்கு ஜி01 ஆனது. வளைவுக்கும் துண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றேகால் மைக்ரான்தான், கவலையில்லை.

மறுபடி நீலம். இரண்டு பக்கமும் நடுவில், உள்முனையைக் கொஞ்சம் ஒட்டி, பல் நீளத்தில் பாதி அளவுக்கு ஒரு நீள்வட்டம். சுமை ஏறும்போது தொடுகை வெளிமுனைப் பக்கம் நகரும். அதனால் சும்மா உருட்டும்போது இப்படி உள்ளே தள்ளி இருப்பதுதான் நல்லது. மூத்த ஃபிட்டர் ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார். அதுதான் அவர் பாராட்டு.

எஃகும் சூடும்

ஆலைக்காரர் கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) கேட்டார். எல்லோரும் கேட்பது அதுதான். கார்பன் ஏற்றி எண்ணெயில் முக்கினால் பல் ஒரு பங்கு கடினமாகும், மூன்று பங்கு கோணிக்கொள்ளும். பல்லை மறுபடி கிரைண்ட் செய்ய எங்களிடம் வழியில்லை. பினியன் சுமார் 200 சுற்றில் ஓடுகிறது, பிட்ச் வட்டத்தில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் டெம்பர் செய்த இஎன் 19ஐ எடுத்து, பல் வெட்டி முடித்து, கடைசியில் வாயு நைட்ரைடிங் (மேல்தோலில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) கொடுத்தோம். ஐந்நூறு டிகிரியை ஒட்டிய சூடுதான், முக்குவது கிடையாது, அதனால் அளவு அதிகம் அசையாது. ஒரே எச்சரிக்கை: எஃகை டெம்பர் செய்த வெப்பநிலை நைட்ரைடிங் வெப்பத்தைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இளகிவிடும். இதை எஃகு விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் புத்திசாலி வேலையாகத் தெரிந்துவிடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு எண்பது கோடு, ஒரு கோட்டுக்குப் போய்வர மூன்றரை நொடி. பினியன் ஃபினிஷிங் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கியர் ஐந்தரை மணிக்கும் மேல். இதற்கென்றே உள்ள ஜெனரேட்டரில் சில நிமிட வேலை. ஐம்பது ஜோடி வேண்டும் என்று யாராவது வந்தால், அந்த மெஷின் வைத்திருப்பவரின் முகவரியைக் கொடுத்து அனுப்புவேன். ஒரு ஜோடிக்கு, அதுவும் கட்டரே கிடைக்காத பழைய ஜோடிக்கு, விஎம்சி சரி.

மாட்டும்போது பேக்லாஷ் 0.16 வரும்படி ஷிம் வைத்தோம். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஆலைக்குப் போனபோது மூடியைக் கழற்றிப் பார்க்கக் கேட்டேன். எண்ணெயைத் துடைத்தபோது பல்லின் நடுவில் மங்கலான ஒரு பளபளப்பு. உள்முனை ஓரமும் வெளிமுனை ஓரமும் மெஷின் வரி அழியாமல் இருந்தன. டயல் போட்டதில் பேக்லாஷ் 0.18. பராமரிப்புக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இடது பக்கப் பெட்டியையும் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். உருண்டை மேன்ட்ரலும் ஆப்புகளும் பட்டறை அலமாரியில்தான் இருக்கின்றன என்றேன்.